முக்திநாத்துக்கு ஹெலிகாப்டரா, விமானமா, ஜீப்பா? முதலில் ராத்திரி எங்கே தங்கல் என்று கேளுங்கள்

நேபாளத்து முக்திநாத் கோயிலுக்கு யாத்திரை என்று முடிவானதும் வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “அம்மாவுக்கு முட்டி வலி, ஹெலிகாப்டரில் சட்டென்று போய்ச் சட்டென்று வந்துவிடட்டும்” என்பான் மகன். விமானமே போதும் என்பார் மாப்பிள்ளை. அப்பா, டூர்காரர் கொடுத்த நோட்டீஸைப் புரட்டிக்கொண்டே, ஜீப்பில் போனால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். காசு, முட்டி, லீவு எல்லாம் கணக்கில் வரும். உயரம் மட்டும் வராது. யாராவது எடுத்தாலும், “போன வருஷம் ஊட்டியில் நாலு நாள் இருந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே” என்பதோடு முடிந்துவிடும்.

ஊட்டி 2,240 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் வரும் மலை நோய் பொதுவாகத் தலைகாட்டுவதே 2,500 மீட்டருக்கு மேல்தான். முக்திநாத் போகிறவர்கள் இறங்கும் ஜோம்சோம் ஊரே சுமார் 2,740 மீட்டர். கோயில் ஏறத்தாழ 3,750. ஊட்டி அனுபவத்தை வைத்து இங்கே எதையும் சொல்ல முடியாது.

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் நேபாளத்தில் இருப்பது இது ஒன்றுதான். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். அதனால் இங்கிருந்து போகும் குழுக்களில் அறுபது தாண்டியவர்கள்தான் அதிகம். பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை, ஸ்டென்ட் வைத்த நெஞ்சு எல்லாம் கூடவே போகின்றன. எந்த வாகனம் என்பதை உடம்பையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மலையில் என்ன ஆகிறது

உயரப் போகப் போக ஆக்சிஜன் விகிதம் குறைவதில்லை. எங்கே போனாலும் காற்றில் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தை 100 என்று வைத்தால் யாத்திரை கிளம்பும் நகரமான பொக்காராவில் சுமார் 90, ஜோம்சோமில் 72, முக்திநாத்தில் 63. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு வேகமாகும், வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும், சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி அதைச் சரிக்கட்டும். இந்தச் சரிக்கட்டலுக்கு நாள் கணக்கில் அவகாசம் வேண்டும். அதற்குள் மேலே ஏறிவிட்டால் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி எல்லாம் வரும். ஏறிய உடனே வராது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, அதாவது காலையில் போனவர்களுக்குச் சாயங்காலமோ ராத்திரியோ ஆரம்பிக்கும். தூக்கத்தில் மூச்சு இன்னும் மெலிவதால் ராத்திரியில்தான் படுத்தும்.

மலை மருத்துவர்கள் பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்று அவ்வளவாகக் கேட்பதில்லை. எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒரே நாளில் 3,500 மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுப்பவர், எவ்வளவு திடகாத்திரமானவராக இருந்தாலும், அதிக ஆபத்துள்ளவர் கணக்கில்தான் வருவார். கோயிலுக்குக் கீழே கடைகளும் விடுதிகளுமாக இருக்கும் ராணிபௌவா கிட்டத்தட்ட 3,700 மீட்டர். பொக்காராவில் காலை காபி குடித்துவிட்டு, ராத்திரி ராணிபௌவாவில் படுப்பது அந்தக் கணக்குதான்.

ஹெலிகாப்டர், விமானம், ஜீப் மூன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்து உரசிப் பாருங்கள்.

ஹெலிகாப்டர்

பொக்காராவில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மேலே. தரிசனம் முடித்து மதியத்துக்குள் பொக்காராவில் சாப்பாடு. ராத்திரி படுக்கை 820 மீட்டரில் என்பதால், தலைவலியும் வாந்தியுமாக வரும் மலை நோயைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பாதுகாப்பான வழி. நோய் கிளம்புவதற்குள் ஆள் கீழே வந்தாயிற்று.

ஆனால் நெஞ்சு நோயாளிக்கு ஹெலிகாப்டர்தான் நல்லது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மலை நோய் வர நேரமாகும். ஆக்சிஜன் குறைவுக்கு நேரமே ஆகாது. கதவைத் திறந்து இறங்கிய நிமிஷத்திலிருந்தே இதயம் வேகமாக அடிக்க ஆரம்பிக்கும். துளியும் பழகாத உடம்போடு அங்கே இறங்குகிறோம். போதாக்குறைக்கு, பைலட் காத்திருக்கிறார், மேகம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். இறங்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு ஏற்றமும் படிகளும் உண்டு. அரை மணி நேரம் நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் ஏறச் சொன்னால் முப்பது வயதுக்காரருக்கே மூச்சு இரைக்கும். குதிரையோ டோலியோ முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால்தான் முட்டி வலிக்காரருக்கு இந்த வழியில் லாபம். இல்லையென்றால் முட்டியைக் காப்பாற்றப் போய் நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு கேள்வியையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: மேலே போன பிறகு வானிலை கெட்டு ஹெலிகாப்டர் திரும்ப வராவிட்டால் என்ன ஏற்பாடு? “ராணிபௌவாவில் ரூம் போட்டுத் தருவோம்” என்று சொன்னால் அது சரியான பதில் இல்லை. “ஜீப் வைத்து ஜோம்சோமுக்கு இறக்கிவிடுவோம்” என்பதுதான் சரியான பதில்.

விமானம்

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானத்தில் இருபது இருபத்தைந்து நிமிஷம். ஒரு பக்கம் அன்னபூர்ணா, ஒரு பக்கம் தவளகிரி. பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காலை போகப் போகக் காற்று பலமாக வீச ஆரம்பிப்பதால் விடிகாலையில்தான் பறக்கும். மேகம் இருந்தால் ரத்து. அடுத்த நாளும் ரத்தாகலாம். இந்தத் தடத்தில்தான் 2022 மே 29-ஆம் தேதி தாரா ஏர் விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை; ஆனால் “இன்றைக்கே எப்படியாவது பறந்தாக வேண்டும்” என்று டூர்காரரை நெருக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன் ஒரு நாளாவது சும்மா விட்டுவைப்பதுதான் சரி.

உயரக் கணக்கில் பார்த்தால் விமானப் பயணம் இரண்டு விதம். காலையில் ஜோம்சோமில் இறங்கி, அங்கேயோ பக்கத்தில் ஆப்பிள் தோட்டங்களுள்ள மார்பாவிலோ அன்றைக்குத் தங்கி, மறுநாள் ஜீப்பில் முக்திநாத் போய்த் திரும்பி, மறுபடி ஜோம்சோமிலேயே படுப்பது ஒரு விதம். இரண்டு ராத்திரியும் 2,700 சொச்சம் மீட்டர். பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைபாரத்தோடு போய்விடும். இறங்கிய அன்றே தரிசனம் முடித்துவிட்டு ஜோம்சோமுக்கு வந்து படுப்பதும் பரவாயில்லை ரகம்தான். அது ஒரே அடியாக அலைச்சல், ஆனாலும் படுக்கை கீழே.

இரண்டாவது விதம், இறங்கியதும் நேரே மேலே போய் ராணிபௌவாவில் ரூம் எடுப்பது. “விடிகாலையில் கூட்டமில்லாமல் தரிசனம் செய்யலாம்” என்று இதற்கு நல்ல காரணமும் சொல்வார்கள். என் பெரியம்மா போன குழுவை இப்படித்தான் தங்க வைத்தார்கள். சாயங்காலம் வரை எல்லோரும் உற்சாகமாக இருந்தார்களாம். ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொரு அறையிலும் விளக்கு எரிய ஆரம்பித்தது. பெரியம்மா குரங்குக் குல்லாயும் சால்வையுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைத்தார். படுத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்து அறை மாமி இரண்டு முறை வாந்தி. குழுவோடு வந்த உதவியாளர் எல்லோருக்கும் கேஸ் மாத்திரை கொடுத்தார். நம் ஊரில் நெஞ்சு வலியே கேஸ்தான் என்கிறபோது மலை நோய் எம்மாத்திரம்! காலையில் அதே தலைவலியோடு கோயிலுக்குப் போனார்கள். அப்புறம் ஜீப்பில் காக்பேனி வரை இறங்கியதுமே பெரியம்மா தயிர்சாதம் கிடைக்குமா என்று கேட்டாராம். ஒரு மணி நேரத்துக்குள் 900 மீட்டர் இறக்கம்; மருந்து அதுதான்.

ஜீப், பஸ்

பொக்காராவிலிருந்து பேனி, தாதோபானி, காஸா, காலோபானி, மார்பா வழியாக ஜோம்சோம். 160 கிலோமீட்டர்தான், ஆனால் எட்டு பத்து மணி நேரம் எடுக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து எங்காவது நிற்க வேண்டியிருக்கும். முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவர்கள் இந்தப் பாதையைச் சபித்துக்கொண்டேதான் வருவார்கள். கோரக்பூர் வரை ரயில், சுனௌலி எல்லையிலிருந்து பஸ் என்று ஏற்கெனவே அலுத்து வந்தவர்களுக்கு இன்னும் மோசம்.

ஆனாலும் உயரத்துக்குப் பழக இதுதான் நல்ல வழி, நடுவில் நிறுத்தினால். ஒரே நாளில் ஜோம்சோம் வரை ஓட்டிவிட்டால் விமானத்தில் வந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உடம்பு வலிதான் மிச்சம். பல குழுக்கள் தாதோபானியில் நிறுத்துவார்கள். வெந்நீர் ஊற்று உண்டு. கால் நனைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் அது 1,190 மீட்டர். களைப்பு தீருமே தவிர, உயரத்துக்குப் பழக அது உதவாது. அதற்கு 2,500 மீட்டரை ஒட்டியுள்ள காலோபானியில் ஒரு ராத்திரி, அடுத்து மார்பாவிலோ ஜோம்சோமிலோ ஒரு ராத்திரி, மூன்றாம் நாள் கோயில். இதைக் கேட்டால் டூர்காரர் முகம் சுளிப்பார், ஒரு நாள் கூடுகிறதே. அந்த ஒரு நாளுக்கான காசைக் கொடுத்துவிடுவது நல்லது.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர் மேலே வந்தும் வாந்தி எடுத்தால், “பஸ் ஒத்துக்கொள்ளவில்லை” என்று விட்டுவிடுவார்கள். பஸ் வாந்தி இறங்கி ஓய்வெடுத்தால் அடங்கும். ராத்திரியும் தொடர்ந்தால், தலைவலியும் சேர்ந்தால், உயரத்தைச் சந்தேகப்படுங்கள்.

மலையேறுபவர்கள் மனாங் பக்கமிருந்து 5,416 மீட்டர் தொரோங் லா கணவாயைத் தாண்டி நடந்தும் முக்திநாத் வருவார்கள். நாள் கணக்கில் படிப்படியாக ஏறிவரும் அவர்களுக்கு முக்திநாத் இறங்கி வந்து சேரும் இடம். நம் பேச்சுக்கு அது வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நடக்க முடிகிற, பி.பி., சுகர் கட்டுக்குள் இருக்கிற அறுபது எழுபது வயதுக்காரருக்கு விமானம், கூடவே ஜோம்சோமில் இரண்டு ராத்திரி. முதுகு திடமாக இருந்து நாளும் கையில் இருந்தால் ஜீப், காலோபானியில் நிறுத்தத்தோடு. நடக்கவே முடியாதவருக்கு ஹெலிகாப்டர், டோலியைப் பேசி வைத்துக்கொண்டு. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், நுரையீரல் நோயால் வீட்டிலேயே மூச்சு வாங்குபவர், பி.பி. கட்டுக்குள் இல்லாதவர் ஆகியோருக்கு இந்த மூன்றில் எதுவும் தானாகப் பாதுகாப்பு ஆகிவிடாது. வீட்டில் இரண்டு மாடி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை, இதய டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அழைத்துப் போகக்கூடாது. வயது மட்டும் தடை இல்லை. இளைஞர்களுக்கும் மலை நோய் வரும். ஓடி ஓடி ஏறுவதால் சில சமயம் அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

டயமாக்ஸ் போடலாமா?

அசெட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர். கடையில் டயமாக்ஸ் என்றால் தெரியும். சிறுநீரகம் நாள் கணக்கில் செய்யும் அந்த பைகார்பனேட் வேலையை இது முடுக்கிவிடுகிறது. அதனால் மூச்சு சீக்கிரமே ஆழமாகிறது, ராத்திரி மூச்சு நின்று நின்று வருவதும் குறைகிறது. மலை நோயைத் தடுக்க நன்றாகச் சோதித்து நிரூபித்த மருந்து இதுதான். பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை மாலை இரு வேளை. இங்கே கிடைப்பது பெரும்பாலும் 250 மில்லிகிராம் மாத்திரை, அதில் பாதி. ஏறுவதற்கு முந்தைய நாள் ஆரம்பித்து, மேலே போன இரண்டு நாள் வரை.

எல்லோருக்கும் வேண்டுமா என்றால், படுக்கை ஜோம்சோமில்தான் என்று திட்டம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. முன்பு ஏதாவது மலையில் இந்தத் தொந்தரவு வந்தவர்கள், வேறு வழியில்லாமல் ராணிபௌவாவில் படுக்க வேண்டியவர்கள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். சல்ஃபா மருந்து அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுவது ஆகியவற்றை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்தாற்போல் குறுகுறுக்கும், சோடா சப்பென்று இருக்கும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். முதல் மாத்திரையை ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். வழியில் கழிப்பறை சரியாக இருக்காது. நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். தரிசனம் முடியும் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பவர்களும் உண்டு. நீர் வற்றினாலும் தலைவலியும் அசதியும் வரும். மலை நோயா, தண்ணீர் குடிக்காததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். ஒரு குழுவைக் கூட்டிப் போகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒழுங்கான இடத்தில் வண்டியை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மலை நோயைத் தடுக்கும். ஆனால் அது சர்க்கரையை ஏற்றும், உடம்பைப் பழக்காது. நிறுத்தியதும் நோய் வெளிப்படலாம். அவசரத்துக்கு மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மருந்து அது, நம் பையில் அல்ல. பூண்டு சூப்பை நேபாளத்தில் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். சூடாக, உப்பாக, தண்ணீராக உள்ளே போகிறது என்ற அளவில் நல்லதுதான்; நோயைத் தடுக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. பூண்டே தொடாத வைஷ்ணவர்களுக்கு அந்த இழப்பும் இல்லை. ஹோமியோபதி கோகா மாத்திரையும் அப்படித்தான். பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்வது நம் யாத்திரைக் குழுக்களில் எழுதாத சட்டம். மூக்குக்குள் சிலுசிலுவென்று மூச்சு திறந்ததுபோல் இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. மன திருப்திக்கு முகரலாம், வாயில் மட்டும் போடக்கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மந்தமாக்கும் என்பதால் அறவே வேண்டாம். வெறும் தலைவலிக்குப் பாராசிட்டமால் தாராளமாகப் போடலாம்.

ஆக்சிஜன்: டப்பாவா, சிலிண்டரா?

கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஸ்பிரே மாதிரியான ஆக்சிஜன் டப்பாவில் பெரும்பாலும் பத்து லிட்டர் சொச்சம்தான் இருக்கும். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்று கொடுத்தால் ஐந்து நிமிஷம். ஆளுக்கு இரண்டு வாங்கிப் பையை அடைப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. அழுத்தம் நிரம்பிய டப்பா என்பதால் விமானத்திலும் விடமாட்டார்கள். மருத்துவமனைகளில் பார்க்கும் பத்து லிட்டர் கொள்ளளவுள்ள உலோக சிலிண்டரில், 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால், 1,500 லிட்டர் இருக்கும். அதே வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம். ஒரு ராத்திரியைத் தள்ளிவிடலாம். குழுவுக்கு ஒன்று, முகமூடியோடும் ரெகுலேட்டரோடும், ஜோம்சோமிலேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் இல்லாத சிலிண்டர் வெறும் இரும்பு. அதைத் திறக்கத் தெரிந்தவர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்சிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதனால் பஸ்ஸில் விரல் விரலாகச் சுற்றும். “மாமி, உங்களுக்கு 87, எனக்கு 91” என்று போட்டிபோல் ஆகிவிடும். ஊரில் 87 என்றால் ஆஸ்பத்திரி. முக்திநாத்தில் 85க்கும் 90க்கும் நடுவில் காட்டுவது சாதாரணம். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். மற்றவர்களைவிட ஒருவருக்கு மட்டும் வெகுவாகக் குறைந்து, கூடவே தொந்தரவும் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தலைவலியைத் தள்ளிவிடவும் கூடாது.

குளியல்

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 தாரைகள், முன்னால் இரண்டு குண்டங்கள். பனி உருகிய தண்ணீர். தலையைக் குனிந்துகொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவதால் முடிக்கும்போது வாய் திறந்து திணறுவார்கள். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த உடம்பில் இந்தக் குளிர் ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென்று ஏற்றும். வாலிபர்கள் ஓடட்டும். நெஞ்சு நோய், பி.பி. உள்ளவர்களுக்குப் புரோக்ஷணம் போதும். ஒவ்வொரு தாரையிலும் கை நீட்டித் தலையில் தெளித்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம். ஈரத்தோடு நிற்காமல் துடைத்து உடனே உடை மாற்ற ஒரு ஆள் துண்டோடு நிற்க வேண்டும்.

தங்குவதா, இறங்குவதா?

லேசான தலைவலி, பசியின்மை மட்டும் என்றால் இருக்கும் உயரத்திலேயே ஓய்வெடுக்கலாம், மேலே மட்டும் போகக்கூடாது. ஓய்வும் மாத்திரையும் கொடுத்தும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். மூன்று அறிகுறிகளில் எது தெரிந்தாலும் காத்திருக்கவே கூடாது, உடனே இறங்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட அடிவைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது. பேச்சு குழறுவது, இருக்கும் இடம் தெரியாமல் பேசுவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, கூடவே இருமல். முதல் இரண்டும் மூளையில் நீர் கோத்ததன் அடையாளம், மூன்றாவது நுரையீரலில். இரண்டும் உயிரைக் கொண்டுபோகும். தள்ளாட்டத்தையும் குழறலையும் பார்த்து “அசதி, தூங்கினால் சரியாகும்” என்று படுக்க வைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

முக்திநாத்தின் நல்ல காலம், இறங்குவதற்கு ரோடு இருக்கிறது. நடு ராத்திரி என்றாலும் ஜீப் டிரைவரை எழுப்பிக் காக்பேனிக்கோ, மாவட்ட மருத்துவமனை உள்ள ஜோம்சோமுக்கோ இறக்கிவிடலாம். அதனால் சாயங்காலமே டிரைவர் எங்கே படுக்கிறார், அவர் நம்பர் என்ன என்று குழுவில் ஒருவராவது குறித்துவைத்திருக்க வேண்டும். நோயாளி என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். தமிழில் எழுதிய மருந்துச் சீட்டு அங்கே யாருக்கும் பயன்படாது.

சில குழுக்கள் முக்திநாத்தோடு சேர்த்து 4,890 மீட்டரில் இருக்கும் தாமோதர குண்டத்துக்கும் ஹெலிகாப்டரில் அழைத்துப் போவதாகச் சொல்கின்றன. ஹெலிகாப்டரைப் பற்றி மேலே சொன்ன அத்தனையும் அங்கே இன்னும் கடுமையாகும். ஜோம்சோமில் இரண்டு ராத்திரி தங்கி எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் மட்டும், இறங்கி நின்று சேவித்துவிட்டு உடனே திரும்புவதாக இருந்தால் யோசிக்கலாம்.

கைலாயத்துக்கும் இதே கணக்கு போதும் என்று நினைக்க வேண்டாம். மானசரோவர் 4,590 மீட்டர், அங்கேயே படுக்க வேண்டும். பரிக்கிரமாவில் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். திபெத் ஒரு பீடபூமி. ஒருவருக்கு முடியவில்லை என்றால் ஒரு மணி நேர ஜீப் பயணத்தில் 900 மீட்டர் இறக்கிவிட அங்கே பள்ளத்தாக்கு கிடையாது. நேபாளம் வழியாக ஹெலிகாப்டரில் போனால் சிமிகோட், ஹில்சா என்று படிப்படியாக ஏறலாம், ஆனால் வானிலை கெட்டால் மாட்டிக்கொள்ள நேரும். 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் அப்படித்தான் அந்தப் பக்கம் தவித்து நின்றார்கள். நேபாள எல்லையை ஒட்டிய திபெத் ஊரான கேருங் வழியாக வண்டியில் போகிறவர்கள் 2,800 மீட்டரிலிருந்து ஒரே நாளில் சாகாவின் 4,500க்குத் தாவுகிறார்கள். ராணிபௌவாவில் படுப்பதைவிட மோசமான தாவல் இது. இங்கே டயமாக்ஸ் பற்றி ஒவ்வொருவரும் டாக்டரிடம் பேசித்தான் ஆக வேண்டும். இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் டில்லியில் ஒரு முறை, லிபுலேக் வழியில் குஞ்சியில் இன்னொரு முறை உடல் பரிசோதனை உண்டு, தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதில் எழுபது வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. எழுபதைத் தாண்டியவர்கள் போக நினைத்தால் தனியார் குழுவோடு நேபாளம் வழியாகத்தான் முயல வேண்டும். பரிசோதனை அதிகம் வேண்டியவர்களுக்கு அது குறைவாகவே கிடைக்கிறது. அப்படிப் போவதென்றால் ஊரிலேயே எக்கோ, டிரெட்மில் சோதனைகளை எடுத்துக்கொண்டு, கேருங்கில் குறைந்தது இரண்டு ராத்திரி தங்கலும், பகலில் பக்கத்து மேட்டில் ஏறி இறங்க ஒரு நாளும் பயணத் திட்டத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.